விஷச் சாராயம் கொன்றால் செய்தி; குவார்ட்டர் கொன்றால்?

(பெங்களூர் பகுதி நிருபர்)

விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. 1981 ஜூலையில் இந்தப் பெங்களூரிலும் சுற்றுப்புறத்திலும் 300-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். 2007 ஜூலை 1-ம் தேதி முதல் கர்நாடக அரசு சாராய விற்பனையை நிறுத்தியது. ஓராண்டு முடிவதற்குள், 2008 மே மாதம், பெங்களூர் புறநகரிலும் கோலார், கிருஷ்ணகிரி வட்டாரங்களிலும் கள்ளச்சாராயத்துக்குப் பலியானவர்கள் சுமார் 180 பேர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல்.

ஒவ்வொரு தடவையும் அமைச்சர்கள் ஓடி வருகிறார்கள். அதிகாரிகள் மாற்றப்படுகிறார்கள். கள்ளக்குறிச்சியில் இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்று அந்த மாதமே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். செய்ய வேண்டியதுதான். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அரசாங்க முத்திரையோடு வருகிற புட்டியைப் பதினைந்து வருஷம், இருபது வருஷம் குடித்துச் சாகிறவனுக்கு எந்தக் கணக்கும் இல்லை. அவன் ஒருவனாகச் சாகிறான். மற்றவர்கள் வேறு வேறு தெருவில், வேறு வேறு மாதத்தில், வேறு வேறு நோயின் பெயரால் சாகிறார்கள். மதுவினால் உலகம் முழுவதும் 2019-ல் மட்டும் 26 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதில் விஷச் சாராயச் சாவு ஒரு சிறு மூலை.

லீவுத் தாளில் இல்லாத நோய்

நான் ரயில்வேயில் குமாஸ்தா. ஊழியர்களின் லீவு, நோய்ச் சான்றிதழ், சம்பளப் பிடித்தம் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்தத் தாள்களைப் புரட்டுகிறேன். 'குடி' என்ற சொல்லை ஒரு தாளிலும் பார்த்ததில்லை.

காமாலை இருக்கும். வயிற்றுப் புண் இருக்கும். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, டி.பி., படியில் விழுந்து கை முறிவு, காரணம் தெரியாத வலிப்பு எல்லாம் இருக்கும். திங்கட்கிழமை லீவுகள் தனி ரகம்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரே ஆளின் ஃபைலை முதல் தாளிலிருந்து புரட்டினால்தான் விஷயம் விளங்கும். நாலைந்து நோய் போலத் தெரிந்தது ஒரே நோய்தான் என்று தெரிய வரும்போது அநேகமாக அந்த ஃபைலை மூடுகிற நேரம் வந்திருக்கும்.

ஒரு குவார்ட்டரின் கணக்கு

"நான் என்ன பெரிய குடிகாரனா? ராத்திரி ஒரு குவார்ட்டர், சாப்பாடு, தூக்கம். அவ்வளவுதான்." ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் விவேக்நகரிலும் இதைச் சொல்லாத நம்மவர் குறைவு. எம்.ஆர்.பி. கடை வாசலில் நின்றபடியே இரண்டு 'நைன்டி' பாக்கெட்டை முடித்துவிட்டு வருகிறவரும் இதையேதான் சொல்கிறார். இரண்டு நைன்டி ஒரு குவார்ட்டர்.

குமாஸ்தா புத்தி, கணக்குப் போடாமல் விடாது. குவார்ட்டர் என்றால் 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அப்படியானால் சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி. எடையில் சுமார் 60 கிராம். ஒரே வேளையில் 60 கிராமும் அதற்கு மேலும் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் மிகைக் குடி என்று வைத்திருக்கிறது. மாதம் ஒரு தடவை அப்படிக் குடித்தாலே அந்தப் பட்டியலில் பெயர் சேர்ந்துவிடும். நம்மவரோ தினமும் குடிக்கிறார். வருஷத்துக்கு 22 கிலோ ஆல்கஹால் ஆகிறது! "பீர்தானே" என்று சொல்கிறவருக்கும் ஒரு வார்த்தை: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு பெரிய பாட்டிலில் 40 கிராம் இருக்கிறது.

இதை எரித்து வெளியேற்றுவது கல்லீரல். அதன் வேகம் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான். மோர் குடித்தாலும் எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தாலும் அந்த வேகம் கூடாது. ராத்திரி 10 மணிக்கு உள்ளே போன குவார்ட்டர் விடிகிற வரைக்கும் ரத்தத்தில் இருக்கும். எஞ்சின் ஓட்டுகிறவர்கள் டூட்டி ஏறும்போது கருவியில் ஊத வேண்டும். "காலையில் ஒரு சொட்டும் தொடவில்லையே சார், எப்படிக் காட்டுகிறது?" என்று சிலர் திகைத்து நிற்பது இதனால்தான்.

உடம்புக்குள் நடப்பது

முதலில் கல்லீரலில் கொழுப்பு படிகிறது. வலி இருக்காது; ஆளுக்கே தெரியாது. இந்த நிலையில் குடியை விட்டால் சில வாரங்களில் கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். உடம்பு இவ்வளவு தாராளமாக மன்னிப்பது இந்தக் கட்டத்தில்தான்.

விடாவிட்டால் அடுத்தது வீக்கம். பசி போகும், கண் மஞ்சளாகும். காமாலை என்றதும் நம்மவர்கள் கீழாநெல்லி, மந்திரிப்பு என்று ஊருக்கு பஸ் ஏறுகிறார்கள். மஞ்சள் கொஞ்சம் இறங்கியதும் "சரியாகிவிட்டது" என்று மறுபடி கடை வாசலுக்குப் போகிறார்கள். மஞ்சள் இறங்கியதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த இரண்டு மாதம் குடிக்காமல் இருந்தது. பெயர் மூலிகைக்குப் போய்விடுகிறது.

அதற்கும் அடுத்த நிலையில் கல்லீரல் சுருங்கித் தழும்பாக இறுகிவிடுகிறது. அதன் வழியாக ரத்தம் போக முடியாமல் பின்னுக்குத் தேங்குகிறது. வயிற்றில் நீர் சேர்ந்து பானை போல் வீங்குகிறது. மகோதரம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். உணவுக் குழாயில் நரம்புகள் புடைத்து ஒருநாள் வெடிக்கின்றன. ஆள் வாளி வாளியாக ரத்த வாந்தி எடுப்பது அப்போதுதான். ரத்தத்தில் சேரும் கழிவு மூளைக்கு ஏறிப் பகலில் தூக்கமும் இரவில் பிதற்றலுமாக ஆகிவிடுகிறது. மிகையாகக் குடிக்கிற எல்லோருக்கும் இது வருவதில்லை என்பது உண்மை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் யாராலும் முடியாது. இந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் ஆயுள் நீளும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆகவே "இனிமேல் விட்டு என்ன பயன்?" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

கல்லீரலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நரம்பைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. சோற்றுக்குப் பதில் சாராயத்திலேயே வயிறு நிரம்புகிறவனுக்கு பி-1 வைட்டமின் வற்றிப்போகிறது. உள்ளங்கால் எரிகிறது, பாதம் மரத்துப்போகிறது, செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. இன்னும் குறைந்தால் கண்விழி ஆடும், நடை தள்ளாடும், காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். "போதை இறங்கவில்லை" என்று பக்கத்திலிருப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். உரிய நேரத்தில் பி-1 ஊசி போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய மூளை, அலட்சியத்தால் நிரந்தரமாகக் கெட்டுப்போகிறது.

கணையம் வீங்கினால் மேல்வயிற்றில் தொடங்கும் வலி முதுகு வரை குத்தும். பிறகு சர்க்கரை நோயும் சேரும். ரத்தக் கொதிப்பு ஏறும், இதயம் தளரும். டி.பி. வருகிற அபாயம் மிகையாகக் குடிக்கிறவனுக்கு சுமார் மூன்று மடங்கு. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிற இடத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாய், தொண்டை, உணவுக் குழாய், கல்லீரல், பெருங்குடல் புற்றுநோய்களுக்கும் பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கும் மது ஒரு காரணம் என்பது இப்போது ஐயமற்ற விஷயம். பீடியோ குட்காவோ கூடச் சேர்ந்தால் வாய்க்கும் தொண்டைக்கும் ஆபத்து பன்மடங்கு.

நிறுத்தியவர் செத்த கதை

இதையெல்லாம் படித்துவிட்டு "இன்றோடு நிறுத்திவிட்டேன்" என்று ஒருவர் புட்டியை உடைக்கலாம். அங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது.

லைனில் வேலை பார்த்தவர், திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர், வயது நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். காலையில் எழுந்ததும் ஒரு மடக்கு குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலைக்கு வந்திருந்தார். ஓர் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு ஒரேயடியாக விட்டுவிட்டார். மறுநாள் ஒரு கையெழுத்துக்காக ஆபீசுக்கு வந்தார்.

"சபாஷ் அண்ணே!" என்றேன்.

"கைதான் தம்பி கொஞ்சம் ஆடுது" என்று விரித்துக் காட்டினார். நெற்றியில் வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாளில் சரியாயிடும் அண்ணே" என்று நான்தான் சொன்னேன். தட்டிக்கொடுத்து அனுப்பினேன்.

அன்று ராத்திரி வலிப்பு வந்திருக்கிறது. மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று துடைத்திருக்கிறார். செத்துப்போன தாயாரோடு பேசியிருக்கிறார். அறைத் தோழர்கள் காத்துக் கருப்பு என்று திருநீறு பூசிக் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. அவருடைய மனைவிக்குச் சேர வேண்டிய பணத்துக்கான தாள்களை நான்தான் தயார் செய்தேன். அதில் மாரடைப்பு என்று இருந்தது.

காத்துமில்லை, கருப்புமில்லை. அது குடிஜன்னி. டாக்டர்கள் 'டெலிரியம் டிரெமென்ஸ்' என்கிறார்கள். வருஷக்கணக்காக மதுவிலேயே ஊறிப்போன மூளை, அது திடீரென்று நின்றதும் கடிவாளம் அறுந்த குதிரை போல் ஓடுகிறது. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் ஜன்னி. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்கிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்தவர், மற்ற நோயும் உள்ளவர் ஆகியோருக்குத்தான் ஆபத்து அதிகம். சிகிச்சை கொடுக்காவிட்டால் ஆளைக் கொல்லக்கூடியது; உரிய காலத்தில் கொடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள்.

சிகிச்சை பெரிய மாயமும் இல்லை. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையை முதலில் நிறையக் கொடுத்து நாளுக்கு நாள் குறைக்கிறார்கள். பி-1 ஊசி போடுகிறார்கள். ஒரு வாரம், பத்து நாளில் இந்தக் கண்டம் தாண்டிவிடும். ஆனால் அந்த மாத்திரையை மருந்துக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அதற்கு மேல் குடித்தால் மூச்சே நின்றுவிடும். அதுவே புதுப் பழக்கமாகவும் ஆகிவிடும்.

இன்னொன்று. "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் செய்கிற பொடிகளைச் சில தாய்மார்கள் வாங்குகிறார்கள். பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை ஒன்று உண்மையிலேயே உண்டு. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு டாக்டர் கண்காணிப்பில்தான் அதைக் கொடுப்பார்கள். தெரியாமல் கொடுத்து, அவர் தெரியாமல் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

ஏன் போவதில்லை?

மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி சுமார் 16 கோடி இந்தியர்கள் குடிக்கிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவை. குடிக்கு அடிமையாகிவிட்டவர்களில் ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னவர்கள் 38 பேருக்கு ஒருவர். ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்கள் 180 பேருக்கு ஒருவர்!

மற்றவர்கள் ஏன் போகவில்லை? வெட்கம் ஒரு காரணம். வெளியூர்க்காரனுக்கு இன்னும் சில காரணங்கள் சேர்கின்றன. மனைவி மக்கள் ஊரில் இருக்கிறார்கள். கண்டிக்கவும் ஆள் இல்லை, கவனிக்கவும் ஆள் இல்லை. சென்ட்ரிங் வேலையும் மூட்டை தூக்கலும் உடம்பை முறிக்கின்றன. "வலிக்குத்தான் குடிக்கிறேன்" என்கிறார். பொய்யில்லை. ஆனால் அது தருவது அரைத் தூக்கம்தான். விடியும்போது வலி அப்படியே இருக்கிறது. பத்து நாள் படுத்தால் பத்து நாள் கூலி போச்சு. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தால், டாக்டர் சான்றளிக்கும் நோய்க்கு வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் கிடைக்க வழி இருக்கிறது.

ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. குடிப் பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. நாட்டிலேயே பெயர் பெற்றது. நம்மவர்கள் மூன்று தலைமுறையாக அதைப் "பைத்தியக்கார ஆஸ்பத்திரி" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வாசல் வரை போய்த் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அங்கே போகத் தயங்குகிறவர்களுக்கு விக்டோரியா, பௌரிங் ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. ரயில்வேக்காரருக்கு ரயில்வே ஆஸ்பத்திரி. முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022-ல் தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. போதைப் பழக்கத்துக்கென்று மத்திய அரசின் எண் 14446. வலிப்போ பிதற்றலோ ரத்த வாந்தியோ வந்துவிட்டால் போனில் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. 108-ஐ அழைத்து நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

தனியார் 'மறுவாழ்வு இல்லங்கள்' விஷயத்தில் எச்சரிக்கை தேவை. நல்லவையும் உண்டு. பூட்டி வைத்து அடிக்கிற இடங்களும் உண்டு. டாக்டர் தினமும் வருகிறாரா, அரசுப் பதிவு இருக்கிறதா, வீட்டார் பார்க்க விடுவார்களா என்று கேட்காமல் பணத்தைக் கட்டக் கூடாது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பது குற்றம்.

அரசு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், கடையை மூடச் சொல்லி எழுதுவது சுலபம். மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கிறது. மாநிலங்கள் தம் இஷ்டப்படி வரி போடக்கூடிய சில பொருள்களில் அது ஒன்று. அதை எந்தக் கட்சி அரசும் எளிதில் விடும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2007-ல் இங்கே பாக்கெட் சாராயத்தை நிறுத்தினார்கள். குடித்தவர்களில் பலர் மலிவு விஸ்கிக்கு மாறினார்கள், சிலர் 2008-ல் செத்தார்கள். நிறுத்திய நாளில் கை நடுங்கியவனுக்கு எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை என்று யாராவது யோசித்தார்களா? வருகிற வரியில் ஒரு சிறு பங்கை ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் நாலு படுக்கைக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்பது நடக்கக்கூடிய கோரிக்கை.

பத்து நாள் லீவு

எங்கள் ஃபிட்டர் ஒருவரை அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தார். பத்து நாளில் வீட்டுக்கு வந்தார். ஆறு மாதம் ஒழுங்காக இருந்து, ஒரு கல்யாணத்தில் மறுபடி குடித்தார். "இவன் திருந்த மாட்டான்" என்று எல்லோரும் கைகழுவினோம். அந்த அம்மாள் கைகழுவவில்லை. திரும்பவும் கூட்டிப்போனார். சர்க்கரை ஏறினால் டாக்டரிடம் திரும்பப் போவதில்லையா, அது மாதிரிதான் என்று அங்கே சொன்னார்களாம். இப்போது மூன்றாவது வருஷம். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற முன்னாள் குடியர்களின் சங்கத்தில் தமிழிலேயே கூட்டம் நடக்கிறது என்று வாரந்தோறும் போகிறார். சந்தா கிடையாது, பெயரைக்கூட முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற வாரம் ஓர் இளைஞர் என் மேஜை முன் வந்து நின்றார். அந்த ஃபிட்டர் அனுப்பியவர். பத்து நாள் லீவு வேண்டுமாம். தாளில் காரணம் எழுதுகிற இடம் காலியாக இருந்தது.

"என்னன்னு சார் எழுதறது?"

"உடம்பு சரியில்லை, சிகிச்சைக்காக என்று எழுது தம்பி. பொய் இல்லையே."

பேனாவைப் பிடித்தார். கை ஆடியது. நானே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கினேன்.

"கடைசியாக எப்போ குடிச்சே?"

தலையைக் குனிந்துகொண்டார். "நேத்து ராத்திரி சார். இன்னிக்குத் தொடலே."

"அப்ப இங்கே நிக்காதே. நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. என்கிட்ட சொன்னதையே டாக்டர்கிட்டயும் சொல்லு. அறைக்குப் போய்ப் படுத்துடாதே."

ஃபிட்டர் வெளியே ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார்.